கைமாற்று: சீட்டாட்ட உரிமை ஒன்று பற்றிய அறவியல் நோக்கு

சீட்டாடும் மேசையில் ஒருவன் தன் கையிலுள்ள சீட்டொன்றை எவரும் காணாது வேறொன்றாக மாற்றிவிடுவானாயின், அவனைக் கள்ளன் என்பது உலக வழக்கு. சூதாட்டம் நடைபெறும் நாடுகள் பலவற்றில் அது தண்டனைக்குரிய குற்றமுமாகும். அவ்வாறிருக்க, அம்மாற்றத்தையே ஆடுவோனின் உரிமையாக்கி, அவ்வுரிமையின் பெயரையே தன் பெயராகவும் சூடிக்கொண்ட ஆட்டம் ஒன்று இன்று சூதுமனைகளிலும் இணையவழி மேசைகளிலும் வழங்கிவருகின்றது. ‘பிளாக்ஜாக் சுவிட்ச்’ எனப்படும் இவ்வாட்டத்தை வகுத்தவர் ஜெஃப் ஹோல் என்பவர். 2009 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. களவாகக் கருதப்படும் ஒரு செயல், விதியொன்றால் உரிமையாகிவிடும்போது அதன் அறநிலை உண்மையில் மாறுகின்றதா என்பதும், அவ்வுரிமையைப் பெற்றவன் எதனைப் பெற்றான் என்பதும் ஆராயத்தக்கன.

ஆட்டத்தின் இயல்பை முதலிற் கூறல் வேண்டும். வழமையான பிளாக்ஜாக்கில் ஆடுவோனுக்கு இரு சீட்டுகள் இடப்படும். சீட்டிடுவோனுக்கும் இரண்டு, அவற்றுள் ஒன்று திறந்திருக்கும். படச்சீட்டுகளுக்குப் பத்து, ஆஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, ஏனையவற்றுக்கு அவற்றின் எண் எனக் கணக்கிட்டு, இருபத்தொன்றைத் தாண்டாது அதனை நெருங்குவோன் வெல்வான். சுவிட்ச் ஆட்டத்திலோ ஆடுவோன் சமமான இரு பணயங்களை வைத்து இரு கைகளை ஒருங்கே ஆடுதல் வேண்டும். இரு கைகளுக்கும் இரண்டாவதாக விழுந்த சீட்டுகளை, விரும்பினால், ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு கையில் ஒன்பதும் மூன்றும், மறு கையில் எட்டும் பத்தும் வந்தன எனக் கொள்வோம். பன்னிரண்டும் பதினெட்டுமாக இருந்த கைகள், மாற்றியதும் பத்தொன்பதும் பதினொன்றும் ஆகிவிடும். முன்னது வலுவான கை. பின்னதோ இன்னுமொரு சீட்டை எடுத்தாலும் இருபத்தொன்றைத் தாண்ட முடியாத கை. ஆடுவோன் உள்ளம் மகிழ்வதில் வியப்பில்லை.

ஆனால், மாற்றுமுன் இரு கைகளின் கூட்டுத்தொகை முப்பது. மாற்றிய பின்னும் முப்பதே. ஆஸை ஒன்றாகவே எண்ணுமிடத்து இது எக்காலும் பொய்க்காது. மாற்றம் எதனையும் படைப்பதில்லை. உள்ளதைப் பகிரும் முறையையே மாற்றுகின்றது. பகிரும் முறை மாறினாலே பயன் மாறும் என்பதும் உண்மைதான். இதனைப் பொருளியல் மாணவருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இவ்வுரிமை இலவசமாகத் தரப்படவில்லை. வழமையான ஆட்டத்தில் முதலிரு சீட்டுகளிலேயே இருபத்தொன்று பெற்றவனுக்கு நூறு ரூபாய்ப் பணயத்துக்கு நூற்றைம்பது கிடைப்பது மரபு. இங்கு நூறு மட்டுமே. ஏறத்தாழ இருபத்தொரு கைகளுக்கு ஒருமுறை வரும் அப்பேற்றின் மூன்றிலொரு பங்கு இவ்வாறு கழிந்துவிடுகின்றது. அதனினும் பெரிது மற்றொன்று. வழமையாகச் சீட்டிடுவோன் இருபத்திரண்டை அடைந்தால் அவன் தோற்றவன். எஞ்சி நிற்போர் அனைவரும் வெல்வர். சுவிட்ச் ஆட்டத்தில் அவனது இருபத்திரண்டு தோல்வியன்று. முதலிரு சீட்டுகளில் இருபத்தொன்று பெற்ற கை நீங்கலாக, எஞ்சிய கைகள் யாவும் வெற்றியுமின்றித் தோல்வியுமின்றிப் பணயத்தை மட்டும் மீளப்பெறும். சீட்டிடுவோன் இருபத்திரண்டில் முடிவது நூற்றுக்கு ஏழளவில் நிகழ்வதாகும். வென்றுவிட்டோம் என எண்ணிய கணத்தில் வெற்றி கரைந்துபோவதை ஆடுவோன் காண்கின்றான். ஆயினும் தோற்கவில்லையாதலின் அவன் முறையிடுவதில்லை. இழந்த பணத்தை நினைவில் வைத்திருக்கும் மனம், கிட்டாது போன பணத்தை விரைவில் மறந்துவிடுகின்றது. விலையை எங்கே ஒளித்துவைக்கலாம் என்பதை இவ்வாட்டத்தை அமைத்தவர்கள் நன்கறிந்திருந்தனர்.

‘ஒளித்துவைத்தல்’ என்ற சொல்லுக்கு மறுப்பு எழலாம். விதிகள் யாவும் ஆட்டம் தொடங்குமுன்னரே எழுத்தில் தரப்பட்டுள்ளன, எவரும் பொய்யுரைக்கவில்லை, விரும்பாதவன் ஆடாது விடலாம். இம்மறுப்பு வலுவுடையது. சூதுமனையை வஞ்சகன் என எளிதில் ஏசிவிட்டு அமைவோர், உண்மையான வினாவைத் தொடாமலே சென்றுவிடுகின்றனர்.

விதிக்கும் செயலுக்குமுள்ள உறவை ஜோன் றோல்ஸ் 1955 இல் எழுதிய ‘விதிகள் பற்றிய இரு கருத்துகள்’ என்னும் கட்டுரை தெளிவுபடுத்துகின்றது. சில செயல்கள் விதிகளுக்கு முன்னரே உள்ளன. விதிகள் அவற்றை ஒழுங்குபடுத்துவன மட்டுமே. வேறு சில, விதிகளின்றி இல்லாதன. பேஸ்போல் ஆட்டத்தின் விதிகள் இல்லாதவிடத்து ஒருவன் மட்டையை வீசலாம், ஓடலாம். ஆனால் அவ்வாட்டத்திலே ‘ஆட்டமிழத்தல்’ என்பதொன்று அவனுக்கு நிகழாது. இந்நோக்கிற் பார்க்குமிடத்துச் சீட்டு மாற்றம் களவா உரிமையா என்ற வினாவுக்கு ஆட்டத்தின் புறத்தே விடை இல்லை. விதி களவு என்றால் களவு. உரிமை என்றால் உரிமை. இவ்வாறு கூறிக் கட்டுரையை முடித்துவிடலாம்போலத் தோன்றும். ஆயின் இலண்டன் நீதிமன்றங்களில் ஐந்தாண்டுகள் வரை இழுபட்ட வழக்கொன்று அவ்வளவு எளிதாக முடிக்கவிடாது.

2012 ஓகஸ்ட் மாதத்தில் பில் ஐவி என்னும் புகழ்பெற்ற அமெரிக்கச் சூதாடி இலண்டனின் குரொக்போர்ட்ஸ் சூதுமனையில் ‘புன்டோ பாங்கோ’ என்னும் சீட்டாட்டத்தை ஆடி, ஏறத்தாழ 77 இலட்சம் பவுண் வென்றார். அங்குப் பயன்பட்ட சீட்டுகளின் முதுகிலுள்ள கோலம் இரு ஓரங்களிலும் முற்றாக ஒத்திருக்கவில்லை. அவருடன் வந்த பெண், நற்பேறு கருதுவதுபோலக் காட்டி, சில சீட்டுகளை மறுபுறமாகத் திருப்பிவைக்குமாறு சீட்டிடுபவரிடம் கேட்க, அவரும் அதன் உட்பொருள் அறியாது அவ்வாறே செய்தார். அதன்பின் உயர்ந்த சீட்டு எது, தாழ்ந்தது எது என்பதை முதுகைப் பார்த்தே ஐவி அறிந்துகொண்டார். அவரது கை ஒரு சீட்டையேனும் தொடவில்லை. மனையின் ஊழியரே, மனையின் மேசையிலே, மனையின் சீட்டைத் திருப்பினார். மனை பணத்தைத் தர மறுத்தது. தான் செய்தது ஏமாற்றன்று, திறமையே என ஐவி உண்மையாக நம்பினார் என்பதை விசாரணை நீதிபதி ஏற்றுக்கொண்டார். எனினும் 2017 ஒக்டோபர் 25 ஆம் நாள் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் அது ஏமாற்றே எனத் தீர்ப்பளித்தது. ஒருவன் தன்னை நேர்மையானவன் என எண்ணுவது போதாது. நிகழ்ந்ததை அவன் எவ்வாறு அறிந்திருந்தான் என்பதைக் கொண்டு, சாதாரண நேர்மையாளரின் அளவுகோலால் அச்செயல் அளக்கப்படல் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புத் தவறானதன்று. பொய்க்காரணம் காட்டி ஊழியரைக் கருவியாக்கியது நேர்மையாகாது. ஆயினும் இங்கு உறுத்துவது ஒன்றுண்டு. நற்பேற்றுக்காகச் சீட்டைத் திருப்பும்படி கேட்டவரின் மூடநம்பிக்கை மெய்யாகவே இருந்திருப்பின், அதனை மனை இன்முகத்துடன் ஏற்று, அதனால் இலாபமும் அடைந்திருக்கும். சீட்டைத் திருப்பியது குற்றமாகவில்லை. திருப்பியதனாற் கணக்கின் சாய்வு எதிர்ப்பக்கம் சென்றதே குற்றத்தை வெளிக்கொணர்ந்தது. சுவிட்ச் ஆட்டத்திலும் ஆடுவோன் சீட்டுகளை இடம் மாற்றுகின்றான். அவனுடைய வாய்ப்பும் அதனாற் பெருகுகின்றது. அதனைக் குற்றமென எவரும் கூறார். இரண்டிற்குமுள்ள வேறுபாடு, இங்கு மாற்றம் வெளிப்படையானது என்பது மட்டுமன்று. மாற்றத்தின் பெறுமதியை மனை முன்னரே கணக்கிட்டு அறவிட்டுவிட்டது என்பதுமாகும். விலை குறிக்கப்பட்ட மாற்றம் உரிமை எனப்படுகின்றது. விலை குறிக்கப்படாத மாற்றம் களவு எனப்படுகின்றது. விதிதான் அறநிலையை ஆக்குகின்றது என்ற றோல்ஸின் வழிப்பட்ட விடை பொய்யன்று. ஆனால் விதியை எழுதும் பேனா யாருடைய கையில் உள்ளது என்ற வினாவை அது தொடவில்லை.

தமிழில் ‘கைமாற்று’ என்றோர் அழகிய சொல் உண்டு. ஏடெழுதாமல், வட்டி பேசாமல், முகத்தை நம்பிக் கொடுக்கும் சிறு கடனை அது குறிக்கும். சுவிட்ச் ஆட்டத்திலும் கைமாற்று நிகழ்கின்றது. ஆனால் அது யாருக்கும் யாருக்குமிடையில்? ஆடுவோன் தன் வலக்கைச் சீட்டைத் தன் இடக்கைக்கே கொடுக்கின்றான். மனை அவ்வேளை எதனையும் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. மனைக்கும் அவனுக்கும் இடையிலான மெய்யான பரிமாற்றம், அவன் மேசைக்கு வருமுன்னரே, விதித்தாளில் நடந்து முடிந்துவிட்டது. அரைப்பங்கு மேலூதியத்தையும் இருபத்திரண்டையும் கொடுத்து, தன்னுடன் தானே பண்டமாற்றுச் செய்துகொள்ளும் அனுமதியை அவன் பெற்றான்.

அனுமதி வெறும் மாயையன்று என்பதையும் கூறவேண்டும். எலன் லாங்கர் என்னும் உளவியலாளர் 1975 இல் வெளியிட்ட ஆய்வில், அதிர்ஷ்டலாபச் சீட்டைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் அதனை விற்பதற்கு, பிறர் எடுத்துக்கொடுத்த சீட்டை வைத்திருந்தோரைவிடப் பன்மடங்கு விலை கேட்டனர். ஒரு டொலர்ச் சீட்டுக்கு முன்னவர் சராசரியாக எட்டு டொலருக்கு மேலும், பின்னவர் இரண்டு டொலருக்குக் குறைவாகவும் கேட்டனர். தெரிவு வாய்ப்பை ஓர் இம்மியேனும் கூட்டாதவிடத்தும் கூட்டியதாக மனம் கருதுவதை லாங்கர் ‘கட்டுப்பாட்டு மாயை’ என்றார். சூதின் கவர்ச்சியை இம்மாயையால் மட்டும் விளக்க முற்படுவோர் பலர். சுவிட்ச் ஆட்டத்துக்கு அவ்விளக்கம் பொருந்தாது. இங்குத் தெரிவு மெய்யாகவே பயன் தருகின்றது. எப்போது மாற்றவேண்டும் என்பதைப் பிழையின்றி அறிந்து, அதன் பின்னரும் பிழையின்றி ஆடுவோனுக்கு எதிரான மனையின் மேலதிக வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே. 1956 இல் போல்ட்வின் முதலான நால்வர் பிளாக்ஜாக்கின் சிறந்த ஆட்டமுறையைக் கணித்து வெளியிட்டனர். 1962 இல் எட்வேர்ட் தோர்ப் கழிந்த சீட்டுகளை எண்ணி மனையை வெல்லலாம் எனக் காட்டினார். அவ்வழியில் வந்த திறமைக்கு இங்கும் இடமுண்டு. கணினியே சீட்டிடும் இணையவழி மேசைகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுகள் புதிதாகக் கலைக்கப்படுதல் பெருவழக்காதலின், தோர்ப்பின் வழி மட்டும் அங்கு அடைபட்டுள்ளது.

ஆகவே சுதந்திரம் உண்டு, அது பொய்யன்று. சிக்கல் பிறப்பதும் இவ்விடத்திலேதான். உரிமையின் விலை மேசைக்கு வரும் எல்லாரிடமும் சமமாக அறவிடப்படுகின்றது. உரிமையின் பயனோ அதனைப் பிழையறப் பயன்படுத்துவோனுக்கு மட்டும் உரியது. மாற்றத் தெரியாதவனும், மாற்றத் துணியாதவனும், நள்ளிரவில் களைத்த கண்களுடன் பிழையாக மாற்றியவனும் முழு விலையையும் செலுத்துகின்றனர். கற்றவன் குறைவாகத் தோற்பதற்கான செலவைக் கல்லாதவனும் ஏற்கின்றான். மனையில் எவரும் அவனை ஏமாற்றவில்லை. ஆதலால் அவன் குறைகூறவும் எவருமில்லர், தன்னைத் தவிர.

வழமையான ஆட்டத்தில் தோற்றவனுக்குச் ‘சீட்டு விழவில்லை’ என்றோர் ஆறுதல் உண்டு. அது மெலிந்த ஆறுதலே. எனினும் தோல்வியைத் தன் உள்ளத்துக்குப் புறத்தே வைக்க அது உதவியது. சுவிட்ச் ஆட்டத்தில் அதுவும் பறிபோகின்றது. மாற்றாது விட்டதால் தோற்றவனின் கண்முன் அவன் தொடாத சீட்டு திறந்தே கிடக்கின்றது. மாற்றியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தாற் போதும். தான் செய்தவற்றின் விளைவை முன்னிட்டு ஒருவன் கொள்ளும் தனிப்பட்ட வருத்தத்தை, வெளியே நின்று பார்ப்போனின் வருத்தத்தினின்றும் பேர்னாட் வில்லியம்ஸ் 1976 இல் பிரித்துக் காட்டினார். இவ்வாட்டம் வெளியே நிற்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது. நிகழ்ச்சியை வருத்தத்துடன் பார்த்திருக்கக்கூடியவன், செய்தவனாகித் தன்னையே கடிந்துகொள்கின்றான். தன்னைக் கடிந்துகொள்பவன் மேசையை விட்டு எழுவானா? அடுத்த சுற்றிற் பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்றே எண்ணுவான். விதியை நொந்தவன் எழுந்து செல்லக்கூடும். தன் பிழையை நொந்தவன் மீண்டும் பயிலவே விரும்புவான். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே தோல்வியை விடுத்து வெற்றியை எச்சரித்தார். இன்றைய ஆட்டமனைகள் தோல்வியையும் தூண்டிலின் இரையாக்கக் கற்றுள்ளன.

சட்டங்கள் இதனைச் சிறிது உணர்ந்துள்ளன. பிரித்தானியாவில் 2020 ஏப்பிரல் 14 முதல் கடனட்டை கொண்டு சூதாடுதல் தடைசெய்யப்பட்டது. 2025 சனவரி 17 முதல் இணையவழிச் சூதுமனை ஆட்டங்களின் ஒரு சுற்று ஐந்து விநாடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஐந்து விநாடி! ஒருவன் தன்னைக் கடிந்து முடிப்பதற்கும் அது போதாது.

பண்டமாற்றையும் சூதையும் ஒருங்கே வைத்துச் சிந்தித்த பழங்கதை ஒன்று நம்மவர்க்கு நன்கு அறிமுகமானது. நாடிழந்து, உருமாறி, இருதுபன்னனின் தேரோட்டியாக இருந்த நளன், வழியில் ஒரு தான்றி மரத்தைக் காண்கின்றான். அதன் இலைகளையும் காய்களையும் அரசன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக் கூறுகின்றான். நளனோ தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிச் சரிபார்த்த பின்னரே அதனை நம்புகின்றான். பின்னர் இருவரும் தத்தம் வித்தைகளை மாற்றிக்கொள்கின்றனர்: ஒருவனது கவறாடும் நுட்பத்துக்கு மற்றவனது புரவி நுட்பம். வனபருவத்தில் அரசன் தன் வித்தையை உடனே தந்துவிட்டு, நளனின் வித்தை இப்போதைக்கு அவனிடமே அடைக்கலமாக இருக்கட்டும் என்கின்றான். அதுவன்றோ கைமாற்று! கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என இருவரும் அறிவர். ஒருவன் பெற்றதனால் மற்றவன் குறையவில்லை. அவ்வறிவு புகுந்ததும் கலி நளனை விட்டு வெளியேறினான் எனக் கதை கூறும். அறியாமையே சூதின் தீமை, கணக்கறிந்தவனுக்கு அது தீங்கன்று என இதற்குப் பொருள்கொள்வாரும் உளர்.

கதை அவ்விடத்தில் முடிந்திருந்தால் அப்பொருள் பொருந்தும். ஆனால் அறிவு பெற்ற நளன் புட்கரனிடம் மீண்டும் சென்று ஆடுகின்றான். முதலாட்டத்தில் அனைத்தையும் இழந்து நின்றபோது, எஞ்சியிருக்கும் தமயந்தியைப் பணயம் வை எனப் புட்கரன் கேட்டான்; கலியின் பிடியிலிருந்த நளன் மறுமொழி கூறாது அணிகளைக் களைந்துவிட்டு வெளியேறினான். இரண்டாம் ஆட்டத்திலோ கலி அவனிடம் இல்லை. கவறின் உள்ளம் அவனுக்குத் தெரியும். அப்போது தன் செல்வத்துடன் தமயந்தியையும் பணயமாகத் தானே வைக்கின்றான். வென்றுவிடுகின்றான். ஆதலால் அவனை எவரும் குறைகூறவில்லை.

தருமனும் மனைவியைப் பணயம் வைத்தான், தோற்றான். தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா எனப் பாஞ்சாலி எழுப்பிய வினாவுக்கு அவையில் வீற்றிருந்த பெரியோர் எவராலும் விடை கூற இயலவில்லை. ஒரே அளவு கவனக்குறைவுடன் வண்டியோட்டிய இருவருள், குறுக்கே குழந்தை ஓடிவந்தவனை மட்டும் உலகம் கொலைகாரன் என்பதேன் எனத் தோமஸ் நேகல் 1976 இல், வில்லியம்ஸுக்கு மறுமொழியாக, எழுப்பிய வினாவும் இதன் பாற்பட்டதே. நளன் கணக்கறிந்தவன், தருமன் அறியாதவன் என்று வேறுபாடு காட்டலாம். கணக்கு அறிந்தவனுக்கும் கவறு உருண்டு நிற்கும்வரை அது கவறுதான். அக்கணம்வரை இருவர் செய்ததும் ஒன்றே: தம்முடையதல்லாத ஓர் உயிரை மேசைமேல் வைத்தனர். கைத்தொலைபேசியின் சிறு திரையில் இரு கைகளையும் மாற்றிமாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவன் வைத்திருக்கும் பணயத்திலும் அவனுடையது எவ்வளவு, வீட்டில் உறங்குவோருடையது எவ்வளவு என்பதை எந்த விதித்தாளும் கேட்பதில்லை. நளன் வென்றமையால், தமயந்தி அவ்வினாவை எழுப்புவதற்கு அவை கூடவே இல்லை.